மூணாவது தரம்

கடலூர் முதுநகரில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் மாதாமாதம் 5ஆம் தேதி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏலச்சீட்டு நடக்கும். 1970களின் தொடக்கம். 20 பேர், ஆளுக்கு மாதம் 50 ரூபாய், 1,000 ரூபாய்ச் சீட்டு. மண்டியில் கணக்கு எழுதுகிறவரின் மனைவி, தையல்கடைக்காரர், ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர், மீன் விற்கிற மூன்று பெண்கள், எங்கள் அப்பா. பெரியம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். மடியில் நாற்பது பக்க நோட்டு, காதோரம் பென்சில்.

சீட்டு யாருக்கு அவசரமோ அவர் தள்ளிக் கேட்பார். “நூறு தள்ளி எடுத்துக்கறேன்” என்றால் 1,000 ரூபாயில் 100 ரூபாயை விட்டுக்கொடுத்து 900 வாங்கிக்கொள்கிறேன் என்று பொருள். அடுத்தவர் நூற்றைம்பது என்பார். ஒரு மாதம் 240 ரூபாய் தள்ளிச் சீட்டு போனால், எடுத்தவர் கையில் 760. தள்ளிய 240இல் பெரியம்மாவின் கமிஷன் 50 போக மீதி 190 ரூபாயை இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு ஒன்பதரை ரூபாய். அந்த மாதம் ஐம்பதுக்குப் பதில் நாற்பதரை கட்டினால் போதும். பள்ளிக்கூடத்தில் வராத பின்னக் கணக்கு எனக்கு அந்தத் திண்ணையில்தான் வந்தது.

ஆனால் இன்றுவரை மனதில் நிற்பது கணக்கு இல்லை. பெரியம்மா ஏலத்தை முடிக்கிற விதம். “ஒரு தரம்” என்பார். கொஞ்சம் பொறுத்து “ரெண்டு தரம்.” அதற்குப் பிறகு உடனே மூணு வராது. நோட்டை மூடி வைத்துவிட்டு, உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு முகத்தையும் வரிசையாகப் பார்ப்பார். பேசாமல் இருப்பவர்களைச் சற்று அதிக நேரம் பார்ப்பார். அதற்கப்புறம்தான் “மூணு” என்று இழுப்பார்.

தையல்கடைக்காரருக்கு ஒரு பழக்கம். அதுவரை வாயே திறக்க மாட்டார். ‘மூ’ என்று பெரியம்மா உதடு குவிந்ததும் “இன்னும் அஞ்சு” என்று போடுவார். மற்றவர்கள் சுதாரிப்பதற்குள் சீட்டு தன் பக்கம் விழுந்துவிடும் என்று கணக்கு. பெரியம்மா கோபப்பட்டுப் பார்த்ததில்லை. அந்த ஐந்தைச் சேர்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி “ஒரு தரம்” என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். தையல்கடைக்காரர் எத்தனை தடவை அப்படிக் கேட்டாலும் அத்தனை தடவையும் முதலிலிருந்துதான்.

ஒருநாள் “ரெண்டு தரம்” சொல்லிவிட்டுப் பெரியம்மா நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருந்தார். தெருவில் கூடை இறக்குகிற சத்தம் கேட்டது. அக்கரைக்கோரியிலிருந்து படகு ஏறி வர வேண்டிய பெண். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு நாளாகத் தெருவே பேசிக்கொண்டிருந்தது. அவர் படியேறி, தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி முடித்து, “எவ்வளவுல நிக்குதுக்கா?” என்று கேட்டார். 250 என்றார்கள். அவர் 260. தையல்கடைக்காரர் 270. அவர் 280. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அந்தச் சாயங்காலம் மூன்று தரமும் முழுதாகச் சொல்லப்பட்ட பிறகே சீட்டு முடிந்தது.

“ஏன் பெரியம்மா, நேரமாச்சுன்னு முடிச்சிருக்கலாமே?” என்று கேட்டேன். “கேக்கறவங்க கேட்டு முடிக்கறதுதான்டி நேரம்” என்றார்.

இது நடந்து முப்பத்து நான்கு வருஷம் கழித்து, சிதம்பரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, கடைசிப் பன்னிரண்டு விநாடியில் ஒரு பொருளைப் பறிகொடுத்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் கடலூர் ஏலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவுக்கு விடிவது துறைமுகத்து ஏலத்தோடுதான். படகு வந்ததும் மீனைக் குவியலாகக் கொட்டுவார்கள். சங்கரா ஒரு பக்கம், கானாங்கெளுத்தி ஒரு பக்கம், நெத்திலி தனியாக. ஏலம் விடுகிறவர் குவியலின் தலைமாட்டில் நின்று குரல் கொடுப்பார். தலைச்சுமை விற்கிற பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குவியலை எடுத்து, அங்கேயே கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். பெரிய வியாபாரி எதிலும் கை வைக்காமல் தள்ளி நிற்பார். அவர் நேரே போய் ஒரு வஞ்சிரக் குவியலின் முன்னால் நின்றால் விலை ஏறிவிடும். ‘அவரே நிற்கிறார் என்றால் சரக்கு நல்ல சரக்கு’ என்று எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் அவருக்காக வேறொருவர் கேட்பார். வியாபாரியோ கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவதும் இதற்குத்தான். விஷயம் தெரிந்தவன் எவ்வளவு தருவான் என்பது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கணினி ஏலத்துக்கு வரும்போது இதே துண்டு அங்கேயும் வரும்.

ஏலம் என்ற சொல்லே கடல்வழி வந்ததுதான். போர்த்துகீசியரின் ‘லெய்லாவ்ம்’ நம் வாயில் ஏலமாகிவிட்டது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கும் பரங்கிப்பேட்டைக்கு அந்தப் பரங்கியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத்துறை. சொல்லை விட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்பது மட்டும் நம்முடையதாகவே இருந்துவருகிறது.

கடலூருக்கு விலை பேசிய கதையும் ஒன்று உண்டு. 1677இல் செஞ்சி சிவாஜியின் கைக்குப் போனபோது தேவனாம்பட்டினத்துக் கோட்டையும் மராத்தியர் வசமானது. 1690இல் அவர்கள் அதை விற்க முன்வந்தார்கள். சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பேரம் பேசி வாங்கினார். கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டுகிற தூரம் வரை. பல திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊரெல்லாம், கடலூர் உட்பட, அவர்களுடையதாயிற்று. கடலூரில் குண்டு சாலை இன்றும் உண்டு, குண்டு உப்பலவாடியும் உண்டு. அந்தக் கோட்டைக்குத்தான் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊர்களில் இருந்தவர்களை யாரும் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

இப்படி வாங்கிய கம்பெனி, கீழை நாடுகளிலிருந்து கொண்டுபோன சரக்கை லண்டனில் விற்றது மெழுகுவத்தி ஏலத்தில். ஓர் அங்குல நீளத் துண்டு மெழுகுவத்தியை ஏற்றி வைப்பார்கள். அது அணைவதற்கு முன் கடைசியாகக் கேட்டவருக்குச் சரக்கு. எல்லாரும் சுடரையே பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பார்கள். அணைகிற நொடியில் எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். சாமுவேல் பெப்பிஸ் 1662இல் தம் நாட்குறிப்பில் இப்படி ஓர் ஏலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் மட்டும் தவறாமல் சரியான நொடியில் கேட்டு ஜெயித்துவந்தாராம். எப்படி என்று விசாரித்தபோது, சுடர் அணையும் தருணத்தில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கேட்பேன் என்றாராம். கடைசி விநாடி ஏலத்துக்குக் கணினி தேவைப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஏலத்துக்குக் கடிகாரம் கட்டினால் போதும், புகையைப் பார்க்கிறவர் தானாக வந்துவிடுவார்.

இனி அந்தப் பன்னிரண்டு விநாடி.

அப்பாவிடம் தண்டபாணி தேசிகரின் கிராமபோன் தட்டு ஒன்று இருந்தது. 1942இல் ஜெமினி எடுத்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்துப் பாடியவர் தேசிகர். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார். தில்லையைப் பார்க்கத் துடித்தவரின் கதையைச் சொன்ன பாட்டு, தில்லைக்கு 45 கிலோமீட்டர் வடக்கே எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. 1974இல் நாங்கள் சிதம்பரத்துக்கே குடிபோனோம். பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை. கண்ணாடி மாதிரி உடையும். சாமான் வண்டி குலுங்கியதில் தட்டு சரிபாதியாகிவிட்டது. அப்பா இரண்டு துண்டையும் நியூஸ்பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்தார். எறியவில்லை. தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அதை எடுத்து, நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் எழுத்து இன்னும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி சுற்றி வைப்பார்.

2006இல் அக்கா மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். “சித்தி, தாத்தா தட்டு ஏலத்துக்கு வந்திருக்கு.” இணையத்தில் ஒரு தளம். ஏழு நாள் ஏலம். ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி 14 நிமிஷத்துக்கு முடியும் என்று போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்போது கணினி இல்லை. தெற்கு சன்னதிப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து உட்கார்ந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதே தட்டு, அதே வட்டக் காகிதம். முதல் நாளே என் உச்ச விலையைப் போட்டேன்: 1,250 ரூபாய். ஆசிரியை சம்பளத்தில் எனக்கு அது சின்னத் தொகை இல்லை. தளம் என் பெயரை மேலே காட்டியது. நடப்பு விலை 300.

தினமும் பள்ளி விட்டு வரும் வழியில் எட்டிப் பார்ப்பேன். 300 நானூறாயிற்று, 450 ஆயிற்று. நான்தான் மேலே. ஞாயிறு இரவு அப்பாவிடம் “வந்துடும்ப்பா” என்று சொல்லிவிட்டே போனேன். கீழவீதியில் ஒரு வீட்டில் ஓடக்கூடிய கிராமபோன் இருந்தது. அவர்களிடமும் சொல்லி வைத்திருந்தேன். 9:13. இன்னும் 450தான். திரையில் விநாடி இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு என்று காட்டியபோது பக்கத்தைப் புதுப்பித்தேன். விலை 1,260. என் பெயர் இல்லை. 1,400 என்று தட்டி அனுப்பினேன். பக்கம் திரும்பி வந்தபோது ஏலம் முடிந்திருந்தது.

அப்பாவுக்கு அப்போது 75 வயது. “பத்து ரூபாய்ல போச்சா? நீ இன்னும் கேட்டிருப்பியேம்மா” என்று மட்டும் சொன்னார். நான் கேட்டிருப்பேன். அதுதான் இந்த விஷயத்தின் மையம். அந்தத் தட்டுக்கு 1,260 கொடுக்க ஓர் ஆள் இருந்தார், 1,400 கொடுக்க நான் இருந்தேன். பொருள் 1,260 ரூபாய்க்காரருக்குப் போனது. விற்றவருக்கும் நஷ்டம். பெரியம்மா திண்ணையில் இது நடந்திருக்காது.

அக்கா மகன் விளக்கினான். அதற்கு ‘ஸ்னைப்பிங்’ என்று பெயராம், மறைந்திருந்து சுடுவது. கடைசி சில விநாடியில் நமக்காக விலை போடுவதற்கென்றே மென்பொருள் வந்துவிட்டதாம். எதிராளிக்குப் பதில் சொல்ல நேரமே இருக்காது. அவன் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அது மோசடி இல்லை. தளத்தின் விதிக்குள்தான் இருக்கிறது. அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

இந்தத் தளங்களின் முன்னோடி 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே. நம் நாட்டில் பாஸி என்ற தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. 2017இல் ஈபே இந்தியா ஃபிளிப்கார்ட்டோடு போய், 2018இல் மூடப்பட்டுவிட்டது. ஈபேயின் விதி இப்படி: நம் உச்ச விலையைச் சொல்லிவிட்டால் போதும். அடுத்தவர் எவ்வளவு கேட்கிறாரோ அதைவிட ஒரு படி மேலே மட்டும் தளமே நமக்காக ஏற்றிக் கேட்கும். 1,250 சொன்னேன் என்பதற்காக 1,250 கட்ட வேண்டியதில்லை. எதிராளி 440 கேட்டால் நான் கட்டுவது அதற்கு ஒரு படி மேல்தான். இப்படி இரண்டாவது விலையைக் கட்டும் ஏலத்தில் மனதிலுள்ள உண்மையான விலையைச் சொல்வதே ஒருவருக்கு நல்லது என்று 1961இல் எழுதிக் காட்டியவர் வில்லியம் விக்ரி. 1996இல் அவருக்குப் பொருளாதார நோபல் அறிவித்தார்கள். அறிவித்த மூன்றாம் நாள் காலமானார்.

அப்படியானால் கடைசி விநாடி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இருவர் 2002இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு தளத்துக்கும் வித்தியாசம் ஒன்றுதான். ஈபேயில் குறித்த நேரம் வந்தால் முடிந்தது. அமேசானில் கடைசிப் பத்து நிமிஷத்தில் யாராவது கேட்டால், அதற்குப்பின் பத்து நிமிஷம் யாரும் கேட்காமல் இருந்தால்தான் முடியும். அவர்கள் எடுத்துப் பார்த்த ஏலங்களில், ஈபேயில் கணினிப் பொருள்களில் 40 சதவீதத்துக்கும், பழம்பொருள்களில் 59 சதவீதத்துக்கும், கடைசிக் கேள்வி கடைசி ஐந்து நிமிஷத்தில் வந்திருந்தது. அமேசானில் இரண்டு வகையிலும் சுமார் 3 சதவீதம்தான். ராத்துக்கு 2012இல் வேறொரு வேலைக்காக நோபல் கிடைத்தது. என்னைக் கேட்டால் இந்த 59க்கும் 3க்கும் நடுவில் உள்ள தூரமே போதும்.

கணினிப் பொருளைவிடப் பழம்பொருளில் ஏன் அதிகம் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைப் படித்தபோது நான் கடலூர் துறைமுகத்தில் நின்றேன். கணினியின் விலை எல்லாருக்கும் தெரியும். பழைய தட்டு அசலா, அரிதா என்பது தெரிந்தவருக்குத்தான் தெரியும். தெரிந்தவர் முன்கூட்டிக் கேட்டால் மற்றவர்கள் அவரைப் பார்த்துக் கேட்க ஆரம்பிப்பார்கள். அதனால் அவர் கடைசி வரை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இன்னொரு காரணமும் உண்டு. தன் உச்ச விலையை ஒரே தடவையில் சொல்லாமல் பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. அவர்களிடம் முன்கூட்டி மோதினால் விலை வீணாக ஏறும். கடைசியில் கேட்டால் அவர்களுக்கு ஏற்ற நேரமிருக்காது. நான் செய்த தவறு முதல் நாளே கேட்டது மட்டும் இல்லை. 1,250 என்பது என் உண்மையான உச்ச விலை இல்லை. அப்பாவுக்கு அந்தத் தட்டு எவ்வளவு என்று எனக்கே நான் கேட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ‘பராசக்தி’யில் பாடிய சிதம்பரம் எஸ். ஜெயராமனின் தட்டு ஒன்று வந்தது. இந்தத் தடவை ஏழு நாளும் வாய் திறக்கவில்லை. உச்ச விலையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, சட்டமாக வைத்துக்கொண்டேன். ஆறு விநாடி இருக்கையில் அனுப்பினேன். கிடைத்தது. அப்பா கீழவீதி வீட்டில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டார். திருப்பிப் போடச் சொல்லி மறுபடியும் கேட்டார். அடுத்த வாரம் தளத்தின் வழியாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. மலேசியாவிலிருந்து ஒருவர். “நீங்கள் கேட்கிறீர்கள் என்பதே தெரியவில்லை. தெரிந்திருந்தால் இன்னும் ஏற்றியிருப்பேன். அம்மா வைத்திருந்த தட்டு அது” என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. பிறகு பாட்டைப் பதிந்து ஒரு குறுந்தகட்டில் போட்டு அனுப்பினேன். 2009இல் அப்பா போய்விட்டார்.

இன்றைக்கு ஏலம் எல்லார் கைக்குள்ளும் வந்துவிட்டது. சீட்டு கைபேசியில் நடக்கிறது. 2019இல் சீட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, ஏலத்தில் காணொளி வழியாகவும் கலந்துகொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். எங்கள் மாவட்டத்து மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்குக்கூட, வழி மாறியிருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம் என்று ஒன்று உண்டு. வியாபாரிகள் குவியலைப் பார்த்து, இரண்டு காயை உடைத்து வாயில் போட்டு, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டியைத் திறந்ததும் அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. அடுத்தவர் என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கடைசி விநாடியில் எழுதுவதில் யாருக்கும் லாபமும் இல்லை. 2016 ஏப்ரல் 14இல் தேசிய மின்னணு வேளாண் சந்தை, இ-நாம், தொடங்கியதிலிருந்து அதில் சேர்ந்த கூடங்களில் வியாபாரி கைபேசியிலேயே விலை போடுகிறார்.

நான் நேரில் பார்த்துச் சந்தோஷப்பட்டது வங்கி ஏலத்தை. கடன் கட்டாமல் வங்கிக்கு வந்த வீடு ஒன்றை, என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் மின்ஏலத்தில் கேட்டார். இருப்பு விலையில் பத்து சதவீதம் முன்பணம். வென்றால் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலைநாளிலோ நிரப்ப வேண்டும், மீதி 75 சதவீதத்தை 15 நாளில். இரண்டு பேரும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தோம். 11 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு முடியும் என்று அறிவிப்பு. 11:59 ஆனதும் என் கை வேர்த்துவிட்டது. பன்னிரண்டு விநாடி ஞாபகம். சரியாக அந்த நேரத்தில் எதிராளி ஒருவர் ஏற்றினார். முடிந்தது என்று நினைத்தேன். திரையில் கடிகாரம் ஐந்து நிமிஷத்துக்குத் திரும்பிப் போனது. கடைசி ஐந்து நிமிஷத்தில் யார் கேட்டாலும் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும் என்று அறிவிப்பின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அவர் ஏற்ற, இவர் ஏற்ற, ஒன்றரை மணி வரை போயிற்று. என் தோழி தன் கணவரிடம் போனில் பேசி, மாமனாரிடம் கேட்டு, தண்ணீர் குடித்து, யோசித்து, ஓர் எண்ணோடு நிறுத்திக்கொண்டார். வீடு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அழவில்லை. “நமக்கு இதுக்கு மேல முடியாது டீச்சர், கேட்டுப் பாத்தாச்சு” என்றார். கேட்டுப் பார்த்தாயிற்று என்று சொல்ல முடிகிறதே, அதைத்தான் 2006இல் என்னால் அப்பாவிடம் சொல்ல முடியவில்லை.

அந்தக் கடிகாரம் ஐந்துக்குத் திரும்பியபோது பெரியம்மா “ஒரு தரம்” என்று மறுபடி ஆரம்பித்ததுதான் எனக்குக் கேட்டது. அரசாங்கம் அலைக்கற்றை விற்றபோதும் கிட்டத்தட்ட இதே விதிதான். 2010இல் நடந்த 3ஜி ஏலம் 34 நாள், 183 சுற்று போனது. யாரும் மேலே ஏற்றாத சுற்று வரும்வரை முடியவில்லை. இந்த மாதிரி ஏலத்தை 1990களில் அமெரிக்காவுக்கு வகுத்துக் கொடுத்த பால் மில்க்ரம், ராபர்ட் வில்சன் இருவருக்கும் 2020இல் நோபல் கொடுத்தார்கள். நியாயமான பரிசு. கோடிக்கணக்கில் பணம் வைத்திருக்கிற கம்பெனிகளுக்கு யோசிக்க இவ்வளவு நேரம் கொடுக்கிற உலகம், பழைய தட்டும் புத்தகமும் தேடுகிற சாதாரண மனிதர்களுக்குப் பன்னிரண்டு விநாடியோடு கதவைச் சாத்துவது சரியில்லை. கடைசி நேரத்தில் கேட்கிறவர்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. நானும் கேட்டிருக்கிறேன். குறை அவரிடம் இல்லை. ஏலத்தை முடிக்கிற விதியில். பத்து நிமிஷம் நீட்டுவதற்கு இரண்டு வரி நிரல் எழுதினால் போதும் என்கிறான் அக்கா மகன்.

ஏலத்தில் இறங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலையைப் பார்ப்பதற்கு முன் அது எப்படி முடியும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். குறித்த நேரத்தில் டக்கென்று முடியும் ஏலமாக இருந்தால், வீட்டாரோடு பேசி உங்கள் உச்ச விலையைக் காகிதத்தில் எழுதி வைத்து, கடைசியில் ஒரே ஒரு தடவை கேளுங்கள். கடைசி இரண்டு மூன்று விநாடிக்கு விட்டுவிட்டால் அது போய்ச் சேராமலும் போகலாம். நேரம் நீளும் ஏலமாக இருந்தால் அவசரமே வேண்டாம். உங்கள் எண் வந்ததும் எழுந்துவிடுங்கள்.

இன்னொன்று. தேசிகரின் ‘நந்தனார்’ தட்டு கடலூர், சிதம்பரம் பக்கம் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் இன்னும் உடையாமல் இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடுங்கள். விலையை நீங்களே சொல்லுங்கள், நான் மறுநாளே வந்துவிடுகிறேன்.